முதல் கல் எங்கே உட்காருது?

காரைக்குடியில் ஒரு டைல்ஸ் கடையில் எஸ்டிமேட் போட்டுக் கொடுக்கும் மேஜை என்னுடையது. 17 வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் நீட்டும் அளவுச் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு சாக்கு நிறைந்திருக்கும். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், மாத்திரை அட்டை, சிகரெட் பெட்டி என்று எல்லாம் வரும். ஒரு தடவை ஒரு கொத்தனார் உள்ளங்கையையே நீட்டினார். எதில் எழுதியிருந்தாலும் விஷயம் ஒன்றுதான்: "10க்கு 12, ரெண்டு ரூம். 20க்கு 16, ஹால். எத்தனை பெட்டி?"

நீளத்தை அகலத்தால் பெருக்கி, கல்லின் சதுர அடியால் வகுத்து, பத்து சதவீதம் 'வேஸ்டேஜ்' சேர்த்துச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். முதல் ஆறு வருஷம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கல் குறைந்துபோய்த் திரும்பி வருகிறவர்களிடம், "மேஸ்திரி உடைச்சிருப்பாரு" என்று பழியையும் மேஸ்திரிகள் தலையில் போட்டிருக்கிறேன். நானே வீடு கட்டி, என் கணக்கு என்னைக் கவிழ்க்கும் வரைக்கும் அது ஓடியது.

எங்கள் வீட்டு ஹால் 20 அடிக்கு 16 அடி. கடையில் இருக்கிறவள் என்ற திமிரில், பிளான் போடும்போதே இரண்டின் மடங்காக வரும்படி வைக்கச் சொல்லியிருந்தேன். இரண்டுக்கு இரண்டு கல், ஒரு பக்கம் 10, இன்னொரு பக்கம் 8. மொத்தம் 80 கல், பெட்டிக்கு 4 வீதம் 20 பெட்டி. ஒரு கல்லைக்கூட வெட்ட வேண்டியதில்லை. உடைசலுக்கு ஒரு பெட்டி கூடுதலாக எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒட்ட ஆரம்பிக்கிறதற்கு முன்னால் மேஸ்திரி வெறும் கல்லைத் தரையில் பரப்பிப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார்.

"அக்கா, ஒரு பக்கம் மூணு இன்ச் நிக்குது. இன்னொரு பக்கம் ரெண்டரை."

"சரியா அளந்து பாருங்கண்ணே. 20 அடிதானே வச்சிருக்கு?"

"அடியெல்லாம் சரியாத்தான் இருக்கு. கல்லுதான் ரெண்டடி இல்ல."

கல் இரண்டடி இல்லை. ஆறு வருஷமாக நான் விற்ற சரக்கு. பெட்டியின் பக்கவாட்டில் 600 x 600 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அது மில்லிமீட்டர். இரண்டு அடி என்றால் 609.6 மில்லிமீட்டர். ஒரு கல்லுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத குறை, பத்துக் கல்லில் 96 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. ஸ்பேசர் வைத்த இடைவெளி இரண்டு இரண்டு மில்லிமீட்டராக இருபதைத் தின்றுவிட்டது. மிச்சம் 76, அதாவது மூன்று இன்ச். 16 அடிப் பக்கத்தில் இதே கணக்கில் 61.

அந்த மூன்று இன்ச் பட்டையைச் சுவரோரமாக ஒட்டினால் பார்க்கச் சகிக்காது. கல்லை நடுவிலிருந்து ஆரம்பித்து, மிச்சத்தை இரண்டு ஓரத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தால் ஓரக் கல்லெல்லாம் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அப்போது ஒரு பக்கம் 11 கல், இன்னொரு பக்கம் 9 கல். மொத்தம் 99! என்னிடம் இருந்தது 84. அதே மாடலை வரவழைக்கப் பத்து நாள் ஆகும், நிறம் ஒத்துப்போகுமா என்பதும் நிச்சயமில்லை. கடைசியில் அடுக்களை மேடைக்கு வாங்கிய கறுப்பு கிரானைட்டில் மிஞ்சிய துண்டுகளை மேஸ்திரி மெல்லிய பட்டையாக வெட்டி, ஹாலைச் சுற்றி நாலு பக்கமும் பார்டர் ஓட்டிவிட்டார். வருகிறவர்கள் எல்லாரும் "டிசைன் நல்லாருக்கே, யார் ஐடியா?" என்று கேட்கிறார்கள். நான் சிரித்துவைக்கிறேன்.

அன்றிலிருந்து யார் வந்து "எத்தனை கல்?" என்று கேட்டாலும் நான் பதிலுக்குக் கேட்பது, முதல் கல் எங்கே உட்காருது என்பதைத்தான். பரப்பளவு தெரிந்தால் எவ்வளவு பணம் ஆகும் என்று தோராயமாகச் சொல்லலாம். எத்தனை கல் வேண்டும் என்பதை முதல் கல் உட்காரும் இடம்தான் சொல்லும்.

பெட்டிக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். 600 x 600 கல் ஒன்று 3.875 சதுர அடி. நாலு கல் கொண்ட பெட்டி 15.5 சதுர அடி. பேச்சு வழக்கில் இதை 16 என்பார்கள். சில இடங்களில் பில்லும் 16க்கே போடுவார்கள். 1000 சதுர அடி வீட்டுக்கு 16ஆல் வகுத்தால் 63 பெட்டி, 15.5ஆல் வகுத்தால் 65. பாத்ரூம் சுவருக்குப் போடும் 12க்கு 18 கல்லும் இப்படித்தான். அது 300 x 450. ஆறு கல் பெட்டி 9 சதுர அடி என்று பேச்சு, நிஜத்தில் 8.72. சதுர அடி விலை பேசுகிறீர்கள் என்றால், பெட்டியை எத்தனை சதுர அடி என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். இதை நான் என் மேஜையில் உட்கார்ந்துகொண்டே சொல்வது முதலாளிக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

அளவு எடுக்கிறதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிளானில் இருப்பது செங்கல்லுக்குச் செங்கல். பூச்சு முடிந்ததும் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு இன்ச் போல உள்ளே வந்துவிடும். அதனால் பூச்சு முடிந்தபின் எடுத்த அளவை மட்டும் கொண்டுவாருங்கள். ஒரு சுவரோரம் அளந்துவிட்டு எதிர்ச் சுவரும் அதேதான் என்று எழுதாதீர்கள். பழைய வீடுகளில் இரண்டு இன்ச் வித்தியாசம் சர்வ சாதாரணம். இரண்டில் பெரியதை எழுதுங்கள். மூலை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் செய்வதையே நீங்களும் செய்யலாம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, குறுக்கே டேப்பைப் பிடித்தால் 5 அடி வர வேண்டும். ஒரு இன்ச் கூடக் குறைய வந்தால் அந்த ஓரத்துக் கல் ஒவ்வொன்றும் கோணலாக வெட்டப்படும். கோணலாக வெட்டிய துண்டு வேறு எங்கேயும் சேராது.

இனி ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். ஒரு ரிட்டயர்டு சார் வந்தார். படுக்கையறை 11 அடி 6 இன்ச்சுக்கு 10 அடி 3 இன்ச். கையில் கணக்கு எழுதிய தாள் இருந்தது: 118 சதுர அடி, ஒரு கல் 4 சதுர அடி, ஆக 30 கல். அடியில் இரட்டைக்கோடு வேறு போட்டிருந்தார்.

"சார், கட்டில் எங்கே போடுவீங்க?" என்றேன்.

"ஏம்மா, நான் டைல்ஸ் வாங்க வந்தேன். கட்டிலுக்கு என்ன?"

கட்டிலுக்கும் கல்லுக்கும் நிறையச் சம்பந்தம் உண்டு. 11½ அடி என்பது 3505 மில்லிமீட்டர். ஐந்து முழுக் கல்லும் 505 அளவில் ஒரு வெட்டுக் கல்லும் வரும். 10 அடி 3 இன்ச் என்பது 3124. ஐந்து முழுக் கல் போக 124 மிச்சம், அதாவது ஐந்து இன்ச் பட்டை. (ஸ்பேசர் இடைவெளியைப் பேச்சுக்கு விட்டுவிடுகிறேன்.) ஒரு சுவரிலிருந்து முழுக் கல்லாக ஆரம்பித்தால், வரிசைக்கு 6 கல், ஐந்து வரிசை, 30 கல் ஆயிற்று. ஆறாவது வரிசை முழுக்க ஐந்து இன்ச் பட்டை. ஒரு கல்லில் நாலு பட்டை கிடைக்கும், தேவை ஆறு. ஆகவே இன்னும் 2 கல். மொத்தம் 32. அந்தப் பட்டை விழும் சுவரோரம் கட்டில் வந்தால் ஒருவர் கண்ணிலும் படாது. வாசலுக்கு நேரே விழுந்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் குத்தும்.

கட்டில் எங்கே வரும் என்று தெரியாவிட்டால் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டியதுதான். நடுவில் 4 முழு வரிசை, இரண்டு ஓரத்திலும் 362 மில்லிமீட்டர் துண்டு. 362 வெட்டிய கல்லில் மிச்சம் 238, அதில் இன்னொரு 362 வராது. ஆகவே ஒவ்வொரு ஓரத் துண்டுக்கும் ஒரு முழுக் கல். மொத்தம் 36. அழகுக்கு நாலு கல் கூடுதல் விலை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஸ்கர்டிங்கையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். ஸ்கர்டிங் என்பது சுவரடியில் ஓடும் பட்டை. அது சதுர அடிக் கணக்கு இல்லை, ஓட்டடிக் கணக்கு. அறையின் சுற்றளவில் கதவைக் கழித்தால் இந்த அறைக்கு 12.3 மீட்டர் வரும். பேச்சுக்கு நாலு இன்ச், வெட்டில் போவது போக அதற்கும் கொஞ்சம் குறைவான உயரத்தில் வெட்டினால் ஒரு கல்லில் 6 பட்டை, அதாவது 3.6 மீட்டர். ஆக 4 கல் தேவை. ஓரத்திலிருந்து ஆரம்பிக்கும் முறையில் 32ம் 4ம் 36. அதிலே மிஞ்சுகிற 95 மில்லிமீட்டர் துண்டுகள் அந்த உயரத்துக்கும் கொஞ்சமே குறைவாக இருந்து ஆசை காட்டும். மூன்றரை இன்ச் ஸ்கர்டிங் போதும் என்கிறவர்களுக்கு மட்டும் உதவும். பாதிப் பாதி முறையில் மிஞ்சுகிற 238 துண்டு ஒவ்வொன்றிலும் இரண்டு நாலு இன்ச் பட்டை கிடைக்கும். மொத்த ஸ்கர்டிங்கும் வேஸ்டிலிருந்தே வந்துவிடும். அதுவும் 36! இரண்டு வழியிலும் ஒரே விலை என்றால், அழகாக இருப்பதையே போட்டுக்கொள்ளலாமே. சாரிடம் இதைப் போட்டுக் காட்டினேன். தாளை வாங்கி மடக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். 36 என்பது சரியாக 9 பெட்டி, உடைசலுக்கு ஒன்றும் நிற்காது. 10 பெட்டியாக எடுத்துக்கொண்டு போனார்.

ஸ்கர்டிங் பற்றி இன்னொன்று. ஒரு கல்லை ஆறு பட்டையாக வெட்டினால் முதல் பட்டைக்கும் கடைசிப் பட்டைக்கும் மட்டும்தான் ஒரு பக்கம் கம்பெனி விளிம்பு இருக்கும். நடுவில் வரும் நாலுக்கும் இரண்டு பக்கமும் மெஷின் வெட்டு. வெட்டு விளிம்பை மேலே வைத்தால் பிசிறு பிசிறாகத் தெரியும், தேய்த்துப் பாலிஷ் போட்டாக வேண்டும். கூலி பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். கதவு நிலைக்கு அடியில் வரும் தரையையும் மறக்காதீர்கள். ஒன்பது இன்ச் சுவரில் மூன்றடிக் கதவு என்றால் இரண்டேகால் சதுர அடி. ஐந்து கதவு இருந்தால் பரப்பளவுக்கே மூன்று கல் போய்விடும். எந்த அறையின் அளவிலும் அது வந்திருக்காது.

பாத்ரூம்தான் ஆளைக் கவிழ்க்கிற இடம். 5க்கு 7 அறை, ஏழடி உயரம் வரைக்கும் கல். சுற்றளவு 24 அடி, அதை 7ஆல் பெருக்கினால் 168. இரண்டரை அடிக் கதவுக்கு 17.5 கழித்தால் 150.5 சதுர அடி. ஒரு கல் ஒன்றரைச் சதுர அடி என்று வகுத்தால் 101 கல், 17 பெட்டி. எல்லாரும் இங்கேதான் நிறுத்துவார்கள்.

வரிசை வரிசையாக எண்ணிப் பாருங்கள். கல்லைப் படுக்கைவாட்டில் வைத்தால் ஒரு வரிசை 300 மில்லிமீட்டர் உயரம். ஏழு வரிசையும் இடைவெளியும் சேர்த்து ஏழடிக்கு இரண்டு சென்டிமீட்டர் குறையும். அதைத் தரைக் கல்லின் கனமும் வாட்டமும் சரிக்கட்டிவிடும். ஏழடிச் சுவரில் 4 முழுக் கல்லும் 334ல் ஒரு துண்டும். அந்தத் துண்டுக்கு முழுக் கல் ஒன்று போய்விடும். அப்படி இரண்டு சுவர், 10 கல். கதவில்லாத ஐந்தடிச் சுவரில் 3 முழுக் கல்லும் 174ல் ஒரு துண்டும். ஒரு கல்லில் அப்படி இரண்டு வரும் என்பதால் மூன்றரை. கதவு இருக்கிற சுவரில் 2. ஆக ஒரு வரிசைக்கு 15½, ஏழு வரிசைக்கு 109. பெட்டி 19.

அதோடும் முடியவில்லை. பாத்ரூமுக்கு ஒரே கல்லா போடுகிறோம்? கீழே டார்க், நடுவில் பூவோ அலையோ போட்ட ஹைலைட்டர், மேலே லைட். மூன்றும் தனித்தனிப் பெட்டி. டார்க் மூன்று வரிசைக்கு 47 கல், 8 பெட்டி. ஹைலைட்டர் ஒரு வரிசைக்கு 16 கல், 3 பெட்டி. லைட் மூன்று வரிசை, 8 பெட்டி. மொத்தச் சதுர அடியை மட்டும் வைத்து 17 பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தவர்களுக்கு லைட் மிஞ்சும், டார்க் இழுக்கும். மிஞ்சின லைட்டை வைத்து என்ன செய்வது? எங்கள் தெருவிலேயே துளசி மாடத்துக்கு பாத்ரூம் கல் ஒட்டியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். குழாய் வருகிற இடங்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஓட்டை போடும்போது ஒன்றிரண்டு கல் விரிசல் விடாமல் இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

படிக்கட்டுக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து வரும் ஒரு மேஸ்திரி. மூன்றடி அகலத்தில் 20 படி. மிதிக்கிற இடம் மூக்கோடு சேர்த்து 11 இன்ச், எழும்புகிற உயரம் ஆறரை. இரண்டுக்கு நாலு கல் வேண்டும் என்றார். நான் கால்குலேட்டரைத் தட்டினேன்: ஒரு படிக்கு 4.375 சதுர அடி, 20 படிக்கு 87.5, ஒரு கல் 7.75. "12 கல்லு, 6 பெட்டிண்ணே."

அவர் ஒன்றும் பேசவில்லை. கடை வாசலில் கிடந்த ஒரு 600 x 1200 கல்லைப் படுக்கப் போட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். மூன்றடியில் குறுக்கே ஒரு கோடு. "இதுக்கு அங்கிட்டு இருக்கறது ஒரடிகூட இல்ல, படிக்கு ஆகாது. லேண்டிங்குக்குப் பாத்துக்கலாம்." மிச்சம் நின்ற மூன்றடித் துண்டில் நீளவாக்கில் 11 இன்ச் ஒரு கோடு, இன்னொரு 11 இன்ச் ஒரு கோடு. "மிதி ரெண்டு. அதோட சரி." பக்கத்துக் கல்லில் ஆறரை ஆறரையாக மூன்று கோடு. "எழும்பு மூணு." பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார். "மிதிக்குப் பத்துக் கல்லு, எழும்புக்கு ஏழு. பதினேழு போடுக்கா."

12க்கும் 17க்கும் நடுவில் ஐந்து கல். எந்த சதவீதத்தைச் சேர்த்திருந்தால் அது வந்திருக்கும்? நாற்பது சதவீதம் சேர்த்திருக்க வேண்டும். யார் சேர்ப்பார்கள்? இப்போதெல்லாம் படிக்கட்டு என்று யாராவது சொன்னால், பில் புத்தகத்தின் பின்பக்கம் ஒரு கல்லை வரைந்து கோடு போட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். மழமழ கல்லைப் படிக்குக் கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லியும் பார்ப்பேன்.

அதனால் எனக்கு 'பத்து பர்சென்ட் சேர்த்துக்கங்க' என்கிற பேச்சே இப்போது பிடிப்பதில்லை. பெரிய, மட்டமான ஹாலுக்குப் பத்து அதிகமாகக்கூட இருக்கலாம். குட்டி பாத்ரூமுக்கும் தூண் நிறைய உள்ள வராந்தாவுக்கும் அது போதாது. குறுக்காக, டைமண்ட் மாதிரி போடச் சொன்னால் ஓரம் முழுக்க முக்கோண வெட்டுத்தான். அதற்குப் பதினைந்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். எண்ண முடியாத இடத்துக்குத்தான் சதவீதம். எண்ண முடிகிற இடத்தை எண்ணிவிடலாம்.

எங்கள் ஊரில் இருந்துகொண்டு ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவார்கள். எங்கள் கடையில் அது கிடையாது. ஆத்தங்குடியிலேயே, செய்கிற இடத்தில் சொல்லி வாங்க வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ண சிமெண்ட் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, நிழலிலும் வெயிலிலும் காயவைத்து எடுப்பார்கள். சூளையில் சுடுவது கிடையாது. கண்ணாடியை விட்டுக் கழன்று வரும்போதே முகம் பளபளவென்று இருக்கும். ஆகவே ஒன்றிரண்டு குறைந்தால் கடைக்கு ஓடி ஒரு பெட்டி வாங்கிவர முடியாது. அடுத்த தடவை கலக்குகிற சிவப்பு இதே சிவப்பாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி, பாத்ரூம் கல்லுக்காக எங்களிடம் வந்தவர், போகிற போக்கில் ஹாலுக்கு ஆத்தங்குடிக் கல் எத்தனை சொல்லலாம் என்று கேட்டார். 12 அடிக்கு 15 அடி 4 இன்ச். பத்துக்குப் பத்து இன்ச் கல். நாலு கல் சேர்ந்தால் ஒரு பூ, சுற்றிலும் கொடி ஓடுகிற பார்டர், மூலைக்கு ஒரு தனிக் கல். நான் பழைய பழக்கத்தில், "265 வரும் ஆச்சி" என்றேன். பரப்பளவு அதுதான்.

"265ல பூ எத்தனை, கொடி எத்தனை, மூலை எத்தனை?" என்றார்.

நான் முழித்தேன். அவர் என் பேனாவை வாங்கி, பில் தாளைத் திருப்பிப் போட்டுப் புள்ளி வைக்க ஆரம்பித்தார், வாசலில் வைக்கிற மாதிரியே. இந்தப் பக்கம் 14 புள்ளி, அந்தப் பக்கம் 18 வரிசை. 140 இன்ச், 180 இன்ச். சுவரோரம் நாலு பக்கமும் இரண்டு இன்ச் மிச்சம். "அந்த ரெண்டு இன்ச்சுக்குப் பூ இல்லாத வெறுங் கல்லை வெட்டிப் போட்டுக்கலாம். செவுரு கோணலா இருந்தாலும் அதுல போயிரும்." வெளிச் சுற்றில் இருந்த புள்ளிகளை வளைத்து ஒரு கோடு போட்டார். அதில் மொத்தம் 60. மூலை 4, கொடி 56. உள்ளே 12க்கு 16, 192 கல், நாலு நாலாகச் சேர்த்தால் 48 பூ. "ரெண்டு பக்கமும் ரெட்டைப்படையா வந்துச்சா? இல்லாட்டிப் பாதிப் பூவுல நிக்கும்."

வெறுங் கல்லை நான் போட்டேன். அதையாவது செய்ய வேண்டாமா? ஒரு கல்லில் இரண்டு இன்ச் பட்டை நாலு கிடைக்கும், வெட்டில் போகிறதைக் கழித்துவிட்டு. சுற்றளவு 656 இன்ச், 17 கல். ஒவ்வொரு வகையிலும் உடைசலுக்குச் சேர்த்து, பூ 200, கொடி 60, மூலை 6, வெறுங் கல் 20 என்று எழுதிக்கொடுத்தேன். மூலையில் ஏன் இரண்டு கூடுதல் என்று கேட்டார். நாலே நாலுதான் தேவை, ஆனால் அதில் ஒன்று உடைந்தால் ஒரு கல்லுக்காக மறுபடி அச்சுப் போட வேண்டும் என்றேன். "அது சரி" என்று தாளை மடித்து மடிப்பையில் வைத்துக்கொண்டார்.

மிச்சக் கல் விஷயத்துக்கு வருகிறேன். டைல்ஸ் ஆலைகள் நிறைந்த மோர்பியிலிருந்து லாரி லாரியாக வருகிற கல்லுக்கும் நிற வித்தியாசம் உண்டு. ஒரே மாடல்தான், ஒரே பேர்தான். வேறு நாள் சூளையில் சுட்டது கொஞ்சம் வெளுப்பாகவோ கொஞ்சம் மஞ்சளாகவோ வரும். அதற்காகத்தான் பெட்டியில் பேட்ச் எண்ணும் ஷேடும் அச்சிட்டிருக்கும். சரக்கு இறக்கும்போது எல்லாப் பெட்டியிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், இறக்குகிறவரிடம் கேட்காதீர்கள். ஒட்டும்போது மூன்று நாலு பெட்டியைப் பிரித்துக் கலந்து எடுக்கச் சொல்லுங்கள். முதல் தடவையே ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவிடுங்கள். பில்லோடு பெட்டி அட்டையில் பேட்ச் எண் இருக்கிற பக்கத்தையும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சினால் திருப்பிக் கொடுக்கலாம் என்பீர்கள். பிரிக்காத முழுப் பெட்டியைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள், அதுவும் சில நாளுக்குள். வாங்கும்போதே பில்லில் எழுதி வாங்குங்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் தரைக்கு வாங்கிய ஒருவர் சமீபத்தில் ஒரே ஒரு கல் கேட்டு வந்தார். அடுக்களையில் கிரைண்டர் குழவி கைதவறி விழுந்து கல் நட்சத்திரமாக விரிந்துவிட்டது. பரணில் ஒன்றும் இல்லை. மிஞ்சியதை யாரோ கோயில் வேலைக்குக் கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டாராம். அந்த மாடல் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. குடோன் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

"வீட்டுல பீரோ எங்கே இருக்குண்ணே?" என்று கேட்டேன்.

மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போய், பீரோவை நகர்த்தி, அடியில் இருந்த கல்லையெல்லாம் நாணயத்தால் தட்டிப் பார்க்கச் சொன்னேன். சிமெண்டு சரியாகப் பிடிக்காமல் டொக்கு டொக்கென்று சத்தம் வருகிற கல் ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். அதைச் சுற்றி கிரவுட்டைச் சுரண்டி, மெல்ல நெம்பினால் முழுசாக வந்துவிட வாய்ப்பு உண்டு. மூன்றாவது கல்லே டொக்கென்றது. சாயங்காலம் அதைத் தூக்கி அடுக்களையில் பதித்துவிட்டார்கள். பீரோவுக்கு அடியில் இப்போது நான் பழைய சரக்கிலிருந்து எடுத்துக்கொடுத்த பச்சைக் கல் ஒன்று இருக்கிறது. காசு வாங்கவில்லை.